குட்டை மரமும் எண்ணெய்ச் சீசாவும்

தூத்துக்குடியில் குளிர்காலம் வந்துவிட்டதா என்று அறிய எங்கள் வீட்டில் ஒரே வழிதான் இருந்தது. மாடத்துத் தேங்காய் எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்துப் பார்ப்போம். எண்ணெய் இறங்காமல் வெள்ளையாக உறைந்து நின்றால் குளிர்காலம். மற்றபடி எங்கள் ஊருக்கும் குளிருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அப்படிப்பட்ட ஊருக்குக் குளிர்காலத்தைக் கழிக்க ஒரு மரம் வந்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு ஏழு வயது. அப்பா ஒரு பஞ்சு ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய துரையும் துரைசாணியும் நாலு மாத லீவில் சீமைக்குக் கிளம்பியபோது, துரைசாணி தன் செல்லக் குட்டை மரத்தை அப்பா கையில் ஒப்படைத்துவிட்டார். முழங்கை உயரம் இருக்கும். சோற்றுத் தட்டளவு தொட்டி. சீனத்து ஜாதி, இலங்கை மலைமேல் நுவரெலியாவில் ஒரு கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்து, கொழும்புக் கப்பலில் வந்தது. கண்ணாடிக்கு வெளியே அதற்கு இதுதான் முதல் குளிர்காலம். கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். அதை அப்பா வேத வசனம்போல வாசித்து அர்த்தம் சொன்னார். மரம் இரவும் பகலும் வெளியிலேயே இருக்க வேண்டும். கடற்காற்று நேராகப் படக் கூடாது, உப்புத் தண்ணீர் ஆகாது. குளிர் பட்டால்தான் அது தூங்கும். இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், தூங்கி எழுந்தால்தான் துளிர்க்கும்.

அம்மாவுக்குத் துணையாக ஆத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஏளா, ஒரு நேரக் கீரைக் கடைசலுக்குக் காணாது, இதுக்கா இம்புட்டுச் சட்டம்?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அம்மா எதற்கும் சிரிப்பதில்லை.

காரணம் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழையில் என் தம்பியை ஞானஸ்நானத்துக்காகக் கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு மாதப் பிள்ளை. மறுநாளே நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அந்த வாரம் தாண்டவில்லை. எனக்கு அம்மை கண்டிருந்ததால் நான் அப்போது ஆத்தூரில் அத்தை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது தொட்டிலைக் கழற்றியிருந்தார்கள். தம்பி நாசரேத்தில் அம்மா பிறந்த வீட்டில் இருக்கிறான், குளிர் போனதும் வருவான் என்று அத்தை சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். வெற்றிலையை மென்றுகொண்டு வேறு எங்கோ பார்த்துச் சொன்னாள். நான் நம்பினேன். எனக்கு அவன்மேல் உயிர்.

அம்மாவுக்குத் துரைசாணியின் தாள் ஒத்துவரவில்லை. மார்கழிப் பனியில் பச்சைப் பிள்ளையை யாராவது வெளியே போடுவார்களா என்பது அவள் கட்சி. பொழுது சாய்ந்ததும் மரத்தைத் தூக்கி வந்து, அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தம்பியின் துவாலையைச் சுற்றிவிடுவாள். அதோடு நில்லாமல் சாம்பிராணிப் புகையும் காட்டினாள். மரத்துக்குச் சளி பிடிக்காமலிருக்கச் சாம்பிராணி போட்ட வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். தம்பி வந்து துவாலையைக் கேட்டால் என்ன சொல்வது என்று நான் சண்டை போட்டேன். அம்மா முடிச்சை இறுக்கினாள்.

இரண்டு வாரத்தில் மரம் சீக்காளியாகிவிட்டது. இலை கொட்டவுமில்லை, பச்சையாக நிற்கவுமில்லை. வெளிறிப்போய், நூல்போல ஒரு கிளையை நீட்டிற்று. நுனிக் குச்சிகள் இரண்டு காய்ந்துவிட்டன. துரைக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அப்பாவுக்கு இருந்திருக்கும். ஆனால் ஒரு மாலையில் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று பேசியது துரையைப் பற்றியல்ல.

"குளுருல இது சாவாது. நீ அதத் தூங்க விடல, அதான் வாடுது," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மழையில கோயிலுக்குக் கொண்டு போனது உன் தப்பு இல்ல. நாள் குறிச்சது நாந்தான்."

மரத்தை யார், எப்போது கோயிலுக்குக் கொண்டுபோனார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அழுது முடித்து எழுந்தவள், துவாலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். மரத்தைத் தூக்கிக்கொண்டு போய், கடற்காற்றுப் படாத இடமாகப் பார்த்து, கிணற்றுச் சுவருக்கு இந்தப் பக்கம் வைத்தாள். வைத்த பிறகும் தொட்டியிலிருந்து கையை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாகிவிட்டது. அப்பா நகத்தால் பட்டையை லேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிவதைக் காட்டினார். உயிர் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். மறுநாளிலிருந்து அம்மா தினம் காலையில் ஒரு கீறு கீறிப் பார்த்தாள். இப்படியே போனால் மரம் குளிருக்குத் தப்பி உன் நகத்தில்தான் சாகும் என்று அத்தை சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

எனக்கோ அவசரம். குளிர் போனால்தான் மரம் விழிக்கும். குளிர் போனால்தான் தம்பி வருவான். எண்ணெய் உருகினால் குளிர் போயிற்று என்று அர்த்தம். ஆகவே பள்ளிக்கூடம் போகுமுன் எண்ணெய்ச் சீசாவை எடுத்து வெயில் விழும் படியில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் எண்ணெய் தெளிந்து ஓடும். விடிந்து பார்த்தால் மறுபடி உறைந்திருக்கும். நானும் சளைக்கவில்லை. ஒரு நாள் தவறாமல் வெயிலில் வைத்தேன்.

மாசி பிறந்து சில நாளில், ஒரு காலையில் அது தானாகவே உருகியிருந்தது. சீசாவும் கையுமாகக் கிணற்றடிக்கு ஓடினேன். மொட்டைக் குச்சிகளில் கடுகு கடுகாகப் பச்சை. அம்மாவைக் கூப்பிட்டு, மரம் விழித்துவிட்டது, எண்ணெயும் உருகிவிட்டது, நாசரேத்துக்கு எப்போது போகிறோம் என்று கேட்டேன்.

அம்மா வந்து ஒவ்வொரு துளிராகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை முன்னால் உட்காரவைத்து, சீசாவை வாங்கி, என் தலையில் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. உச்சந்தலையில் உள்ளங்கைச் சூடு மட்டும் இருந்தது.

"தம்பி தூங்குதான், ஏளா," என்றாள். "அவன் தூங்கட்டும்."

அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மரமே ஒன்றரை மாதம் தூங்கித்தான் துளிர்த்தது. அவன் அதைவிடச் சின்னவன். அம்மா உள்ளே போனதும், எண்ணெய் மறுபடி உறைந்து குளிர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று, சீசாவைக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்கு அடியில் குளிர்ந்து கிடந்த மணலில் கழுத்துவரை புதைத்து வைத்தேன்.