மூன்று வெள்ளைக் கூம்புகள்

முதலில் நினைவுக்கு வருவது அந்த வெளிச்சம்தான். இடுப்பு உயரமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று சாக்கின் மேல் படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. கையில் எரியும் பல்புடன் ஒரு பெண் அதன் வாய்க்குள் தலையை நுழைத்திருக்கிறார். வெளியே தெரிவது அவருடைய முதுகும், சேலைக்கு மேல் போட்டிருந்த நீலச் சட்டையும் மட்டும். பால் நிறச் சுவரின் வழியே அந்த வெளிச்சம் மெல்ல ஊர்கிறது, ஓரிடத்தில் நிற்கிறது, திரும்புகிறது. பகல் பதினொரு மணி வெயிலில், தகரக் கொட்டகைக்குள், அது மட்டும் விடியற்காலை போல இருக்கும். நான் கையிலிருந்த அளவு நாடாவை மறந்து நின்று பார்ப்பேன்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் வார்க்கும் ஒரு கம்பெனியில் எனக்கு அப்போது வடிவமைப்பு வேலை. சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். இரும்பு அச்சுக்குள் பிளாஸ்டிக் பவுடரைக் கொட்டி, மூடி, அடுப்புக்குள் மெதுவாகச் சுழலவிடுவார்கள். பவுடர் உருகி அச்சின் உட்புறமெங்கும் ஒரே பூச்சாகப் படியும். ஆறிய பிறகு அச்சைத் திறந்தால் தொட்டி இளஞ்சூட்டோடு வெளியே வரும். அதன் பிசிறைச் சீவி, துளை போட்டு, உள்ளே கீறலோ குழியோ இருக்கிறதா என்று பார்ப்பது ஃபினிஷிங் பிரிவின் வேலை. அந்தப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவரை எல்லோரும் ‘ஃபினிஷிங் அக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அவருடைய கணவர் அடுப்பு ஓட்டினார். அவர் எங்களுக்கு ‘அடுப்பு அண்ணன்’. அடுப்பு முன்னால் நின்று நின்று முகம் செம்பு போல இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் குடியை விட்டு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது என்று அக்கா ஒருமுறை சாப்பாட்டு வேளையில் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். அதை நான் மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்கள் தானியச் சாற்றைப் புளிக்கவைப்பதற்குக் கூம்பு அடிகொண்ட தொட்டி வேண்டும். புளிக்கப் புளிக்க ஈஸ்ட் மண்டியாகக் கீழே இறங்கும். கூம்பின் நுனியில் ஒரு வால்வு வைத்தால், மேலே தெளிந்து நிற்பதைக் கலக்காமல் மண்டியை மட்டும் வெளியேற்றிவிடலாம். உட்புறம் கண்ணாடி போல இருக்கவேண்டும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் அதில் கிருமி குடியேறி முழுத் தொட்டியையும் கெடுத்துவிடும். இதையெல்லாம் நான் கம்ப்யூட்டரில் படித்துப் படித்துக் கனவில்கூடக் கூம்பாகவே வந்தது. சரிவு எத்தனை பாகை என்பதுதான் கேள்வி. சரிவு குறைந்தால் மண்டி சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கூடினால் தொட்டி உயரமாகிவிடும், அவர்கள் வீட்டு மேசைக்கு அடியில் நுழையாது. நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது என்று மூன்று அச்சுகள் செய்து மூன்று மாதிரிகள் வார்த்தோம். எது சரி என்று சோதித்து, படம் எடுத்து அனுப்ப இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள்.

முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “தொட்டி செஞ்சு குடுப்போம். அந்தச் சரக்கு எதுவும் நம்ம காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. தண்ணி ஊத்திப் பாருங்க, போதும்.” தண்ணீரில் எங்கே மண்டி படியும்? எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரத்துக்கு முன்பே அம்மா பீங்கான் ஜாடியில் திராட்சை போட்டுவிடுவார். பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கேக்கோடு சின்னக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஒயின் கொடுப்பது எங்களுக்குப் பண்டிகையின் ஒரு பகுதி. குடி என்ற சொல்லை அதோடு சேர்த்து நான் நினைத்ததே இல்லை. அந்தத் தைரியத்தில், யாருக்கும் சொல்லாமல், திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் வாங்கிக் கரைத்து மூன்று கூம்புகளிலும் ஊற்றி, கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் அறையில் வைத்தேன். மூடியின் மேல் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய். இரண்டாம் நாளே அதன் வழியாகக் குமிழ்கள் வர ஆரம்பித்தன. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். ஜன்னல் வெயிலில் மூன்று கூம்புகளும் ஊதா நிறத்தில் உள்ளிருந்தே ஒளிர்வது போலத் தோன்றும். குளுக், குளுக் என்று ஒன்று மாற்றி ஒன்று பேசும். அந்தப் புளித்த வாசம் எனக்கு டிசம்பர் மாதத்தின் வாசம். அந்த அறையின் சுவருக்கு மறுபக்கம்தான் அடுப்பு இருந்தது.

ஐந்தாம் நாள், ஒரு சனிக்கிழமை மதியம், நான் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது. அக்கா குனிந்து மூன்றாவது வால்வைத் திறந்துகொண்டிருந்தார். மற்ற இரண்டும் ஏற்கெனவே காலி. ஊதா நிறத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி, மண்ணில் ஓடி, ஆமணக்குச் செடியின் அடியில் நுரைத்துக்கொண்டிருந்தது. அடுப்பு அண்ணன் பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அவருடைய இரண்டு கைகளும் சட்டையைப் பின்புறம் இறுக்கிப் பிடித்திருந்தன.

“கோவிச்சுக்காதீங்க மேடம்” என்றார் அக்கா. நிமிரவில்லை. “இவருதான் வந்து சொன்னாருங்க. மூணு நாளா அது செவுத்துக்கு அந்தப்பக்கம் நின்னு கூப்புடுது, என்னால ஆகல, நீ வந்து ஊத்திப்போடுன்னாரு. சோத்தைப் பாதியில வெச்சுப்போட்டு ஓடியாந்தேன்.”

அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மூன்றையும் கழுவினார். அறையைக் கழுவினார். மண்ணைக்கூட மண்வெட்டியால் புரட்டிவிட்டார். பிறகு கணவரிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னார். இருவரும் ஒன்றாகச் சாப்பிடப் போனார்கள்.

திங்கட்கிழமை முதலாளி சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டார். பயத்தில் நான் சொன்னது இதுதான்: “தண்ணி நிரப்பி வெச்சிருந்தேன் சார். ஃபினிஷிங்ல வால்வைத் திறந்து விட்டுட்டாங்க. மறுபடியும் முதல்லேருந்து பண்ணணும்.” இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, “நீயாம்மா திறந்தே?” என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். “ஆமாங்க, நான்தானுங்க” என்றார். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் ஒயினைப் பற்றியும் சொல்லவேண்டும், தன் கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்காவைச் சாக்கு உதறும் இடத்துக்கு மாற்றினார்கள். வெட்ட வெளியில், பவுடர் வந்த சாக்குகளை உதறி மடித்து அடுக்கும் வேலை. நான் என் மேசைக்குப் போய், படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கோடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் பஸ் ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் கிழங்கு லாரிகள் எதிரே போயின. ஊர் வந்ததுகூடத் தெரியாமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

மூன்று நாள் அப்படியே போனது. அக்கா இடத்துக்கு வந்தவர் கூம்பின் உட்புறத்தைக் கத்தியால் சீவிக் கீறிவிட்டார். புதிதாக வார்த்த அறுபது பாகைத் தொட்டிக்குள் பல்பைப் பிடித்துப் பார்த்தேன். நுனிக்கருகில் நீளமாக ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. முதலாளி அறைக்குப் போய் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். திராட்சை, ஈஸ்ட், சுவருக்கு மறுபக்கம் இருந்த அண்ணன், எல்லாவற்றையும்.

முதலாளி கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார். “என் பேச்சை மீறுனது ஒண்ணு. அதைவிட, அந்தம்மா எதிர்லயே நின்னுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்தீங்களே, அது எனக்குப் புடிக்கலம்மா” என்றார். பிறகு, “நீங்களே போய் கூட்டிட்டு வாங்க. ஆள் அனுப்ப வேண்டாம்” என்றார்.

சாக்குக் குவியலுக்கு நடுவே அக்கா தலையிலும் புருவத்திலும் வெள்ளைப் பவுடர் படிந்து நின்றார். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அது பாதியிலேயே அறுந்துவிட்டது. அவர் கையை உதறிக்கொண்டார். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. “நானுந்தான் உங்ககிட்ட வந்து கேக்காம ஊத்திப்போட்டேன். ஆனா மேடம், நீங்க எங்கூட்டுக்காரரைப் பத்தித் தெரிஞ்சவங்க” என்று மட்டும் சொன்னார். கொட்டகைக்குத் திரும்பி நடந்தோம். அந்த நூறு அடி தூரமும் அவர் எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் நின்று, “பீருக்கு அடியில என்ன நிக்கும்? மண்டிதானுங்களே? கெழங்கு மாவுப்பாலு ஊத்திப் பாருங்களே” என்றார்.

கல்யாணத்துக்கு முன் அவர் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்த்தவர். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பால் தொட்டியில் நின்று மாவு அடியில் உறைவதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார். பக்கத்து மில்லிலிருந்து இரண்டு கேன் பால் வாங்கி வந்தோம். மூன்று கூம்புகளிலும் ஊற்றி, பட்டப்பகலில், கொட்டகை நடுவிலேயே வைத்தோம். வேலை முடிந்தவர்களெல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். அடுப்பு அண்ணனும் வந்து ஓரமாக நின்றார். பால் மெல்லத் தெளிந்தது. மேகம் இறங்குவது போல வெண்மை கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே கண்ணாடித் தண்ணீர். மின்விசிறிச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. “இறுகறதுக்கு முந்தித் திறக்கோணுங்க” என்று அக்கா சரியான நேரத்தில் ஒவ்வொரு வால்வாகத் திறந்தார். நாற்பத்தைந்தில் பாதி மாவு சுவரிலேயே நின்றுவிட்டது. ஐம்பதில் ஒரு வளையம் தங்கியது. அறுபதில் கட்டியான மாவு வழுக்கிக்கொண்டு இறங்கி, கடைசியில் தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தது. அக்கா உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, வெறும் விரல்களைக் காட்டினார். அறுபதையே எடுத்துக்கொண்டோம். உயரத்தைக் குறைக்க மேல்பாகத்தைக் குட்டையாக்கி, அகலப்படுத்தினேன். அந்தத் தொட்டி இன்றைக்கும் வெளிநாட்டுக்குப் போகிறது.

அதன் பிறகு நாலு வருடம் அவர் எங்களோடு இருந்தார். பழையபடி பேசினார், சிரித்தார். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மகள் கல்யாணம் முடிந்ததும் அக்காவும் அண்ணனும் வேலையை விட்டுவிட்டு ஆட்டையாம்பட்டிப் பக்கம் அண்ணனின் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் அந்த வழியாகப் போகவேண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு, முன்னால் ஒரு சின்னத் தகரப் பந்தல், வெளியே நாலைந்து ஆடுகள். அக்காவுக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க, வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தார். மோர் கொடுத்தார். அண்ணன் பின்னால் ஆட்டுக் கொட்டாயில் ஏதோ கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. “அக்கா, அன்னிக்கு நான் அந்த அறையில வெச்சது… அண்ணனுக்கு அதனால ஏதாவது ஆயிருந்தா…” என்று ஆரம்பித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அழுவாதீங்க சாமி” என்றார். “அதுக்கப்பறம் ரெண்டு வாட்டி குடிச்சுப்போட்டாருங்க. இல்லைன்னு சொல்லமாட்டேன். மச்சினன் செத்தப்ப ஒருக்கா, புள்ளை கல்யாணத்துல ஒருக்கா. ரெண்டு வாட்டியும் மக்யா நாளு விடிஞ்சதும் வந்து எங்கிட்ட சொல்லிப்போட்டாரு.” சேலைத் தலைப்பால் டம்ளரின் அடியைத் துடைத்தார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா? பதினெட்டு வருசம் குடிச்சாரு. அவரா போவாரு, அவரா உழுவாரு, அவரா எந்திரிச்சு வருவாரு. ஒரு நாளுகூட என்னை வான்னு கூப்புட்டதில்ல. குடியை உட்டப்பகூட ஒத்தையாத்தான் உட்டாரு. அன்னிக்கு, நான் சோறு திங்கற எடத்துல வந்து நின்னுக்கிட்டுத்தானுங்க மொதமொதல்ல என்னை…”

பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. “இந்தா, செத்த இங்க வா. இந்தக் கவுத்தைப் புடி.”

“வாரேனுங்க” என்று சொல்லி அக்கா எழுந்தார். நான் இருப்பதையும், சொல்லிக்கொண்டிருந்ததையும் மறந்தவராக, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வேகமாகப் பின்கட்டுக்குப் போனார்.