லாரி ஹார்ன் வைத்த சைக்கிள்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், உடைத்துப் போட்ட லாரிகளின் ஹார்ன்களை வாங்கி, சைக்கிளுக்குப் பொருத்தி விற்கும் மேதை ஒருவர் இருந்தார். லுங்கியெல்லாம் கிரீஸ், இரண்டு காதிலும் பஞ்சு. வாங்கப்போகிற ஆள் என்று தெரிந்தால் மட்டும் வலது காதுப் பஞ்சை எடுப்பார்.

என்னைக் கண்டதுமே எடுத்துவிட்டார். ஒன்பதாவது படிக்கும் மகள் வேளச்சேரி சாலையில், தண்ணி லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள் என்றால், அது அப்பன் முகத்திலேயே எழுதியிருக்கும் போல.

"பின்னாடி லாரி வருதுன்னு நெனச்சி அவனவன் ஒதுங்கிப்பான் சார். பாப்பா ராணி மாதிரி போய்க்கினே இருக்கும்" என்றார். கேரியரில் பழைய பைக் பேட்டரியைக் கட்டி, கைப்பிடியில் ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்தார். நான் படித்தவன். நம்பினேன்.

அடுத்த வாரமே ஒரு தண்ணி லாரி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ரிவர்ஸில் வந்தது. மகள் சுவிட்சை அழுத்தினாள். சைக்கிளுக்கு ஒரு முழம் இருக்கும்போது லாரி நின்றது. இறங்கி வந்த டிரைவர், "எங்கம்மா அந்த லாரி?" என்று அவளிடமே கேட்டாராம்.

மகள் சொல்லி முடிப்பதற்குள் நன்றி சொல்ல ஓடினேன். நடந்ததைக் கேட்டதும் மேதை, முதல்முறையாக இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்தார்.

"இன்னா சார் சொல்ற? நெஜமாவே நின்னுட்டானா?"

அவர் முகத்தில் அன்று கண்ட ஆச்சரியத்தை இன்னமும் மறக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து மகளை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். அந்த ஹார்னையும் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டேன்.