தலையணைக்குப் போகும் வேன்

மேலப்பாளையத்து மைதீன் பாத்திமா பீடி சுற்றத் தொடங்கியபோது அவளுக்குப் பதினைந்து வயது. கல்யாணமாகி, கணவன் நூகு சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய், பெண்மக்கள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகும் மடியிலிருந்து பீடித்தட்டு இறங்கவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு மார்கழியில் களக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். புலிகள் காப்பகத்துக்குள் தலையணை இருக்கிறது, போவோமா என்று யாரோ கேட்டார்கள். படுக்கிற தலையணை என்றே முதலில் நினைத்தாள்.

மலையிலிருந்து வரும் ஆறு ஒரு சின்னத் தடுப்புச்சுவரைத் தாண்டி வழிகிற இடம் அது. உடுத்திய சேலையோடு அடியில் உட்கார்ந்தாள். தண்ணீர் இறங்க இறங்க, குனிந்தே கிடந்த முதுகு யாருடையதோ போல லேசாகிப்போனது. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் வானம் மிதந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது மாதிரி இருந்தது என்று பிறகு தெருவில் சொன்னாள்.

கேட்டவர்களுக்கும் ஆசை வந்தது. அடுத்த மாதம் அவள் ஏற்பாட்டில் ஓர் ஆட்டோ போனது. அப்புறம் வேன். மணிமுத்தாறு, அகத்தியர் அருவி, காரையாறு என்று மாதம் ஓரிடம்.

செய்தி தம்மாமுக்கும் போய்விட்டது. "ஊர்ப் பொம்பளையளக் கூட்டிக்கிட்டுக் காடு காடா அலையுதியாமே. ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான் நூகு போனில்.

"நீங்க வாங்க மச்சான். ஒரு தடவை கூட வந்து பாருங்க. அப்பவும் வேண்டாம்னா நிறுத்திடுதேன்."

மறுவருசப் பொங்கல் சமயத்தில் லீவில் வந்தான். காணும் பொங்கலன்று அவனை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்த்திக் களக்காட்டுக்குப் புறப்பட்டாள். வாழைத்தோட்டம் வரைக்கும் கார்கள் நின்றன. செக்போஸ்டில் வனக்காவலர் தேவசிகாமணி கையை விரித்தார்.

"உள்ள நிக்க எடமில்லக்கா. கொஞ்சம் பேர் வெளிய வந்தாத்தான் அடுத்த ஆள விடுவோம். முன்னெல்லாம் இந்த வாசல்ல குரங்குதான் உக்காந்திருக்கும். இப்பம் கூட்டம் வருசா வருசம் கூடிக்கிட்டுல்லா போவுது."

பெண்கள் மரத்தடியில் பாய் விரித்தார்கள். நூகு தள்ளிப்போய் உட்கார்ந்தான். மைதீன் பாத்திமா அவனுடைய சுருங்கிய முகத்தைப் பார்த்தாள். இதுதான் கடைசி வண்டி என்று நினைத்துக்கொண்டாள். மலையுச்சியில் மேகம் படுத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு ஷஃபீகா அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். "எங்க வீட்டு ஆளு மௌத்தாயி அடக்கின பொறவு நான் வாசப்படி தாண்டுனது பாத்திமா லாத்தா வண்டியிலதான் மச்சான்," என்றாள். அவன் தட்டை வாங்கிக்கொண்டான்.

வெயில் சாய்ந்த பிறகு உள்ளே விட்டார்கள். பெண்கள் குளித்துக் கரையேறியும் நூகுவைக் காணோம். தேடிப்போனாள். ஆண்கள் பக்கத்தில், சுவரடியில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வழிகிற தண்ணீருக்குப் பின்னால் அவன் முகம் கல்யாணத்தன்று பார்த்த முகம் போலிருந்தது.

"மச்சான், நேரமாச்சு."

"இரு பாத்திமா. இன்னும் கொஞ்ச நேரம்."

பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். மேலே ஒரு மலையணில் கிளைக்குக் கிளை தாவியது. கூட்டத்தின் இரைச்சல் ஆற்றிரைச்சலோடு கலந்து எங்கோ தொலைவில் கேட்டது.

திரும்பும்போது வேன் முழுக்க ஈரத்தலை வாசனை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இந்தத் தடவை நூகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"அடுத்த மாசம் எங்க?"

"மணிமுத்தாறு."

"லீவ நீட்டிக் கேட்டுப் பாக்குதேன்," என்றான், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

சேரன்மகாதேவி வருவதற்குள் அவளும் தூங்கிப்போயிருந்தாள்.