புத்தகத்தை மூடச் சொன்ன கமலவேணி

போன வாரம் ஒரு நாள் காலையில் ஜேடர்பாளையத்திலிருந்து நல்லசாமி போன் செய்தார். வழக்கமாக மழை, வாழைத்தார் விலை, மகன் செய்த வம்பு எல்லாம் பேசி முடித்துத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று எடுத்ததுமே, “கமலவேணி அம்மிணி போயிருச்சுங்க சார்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கமலவேணியோடு மேடை ஏறியவர்கள் இன்னும் பலர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராசிபுரத்தில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, ஊர் ஊராக நாடகத்துக்குப் போய் அரசி வேடம் கட்டியவர் அவர். எழுபதுகளின் கடைசியில் நான் சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேடர்பாளையம் நாடகக் குழுவில் பக்கத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பேன். என் குரல் கணீரென்று இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கணீர்தான் வினையாகப் போயிற்று. நல்லசாமி வாழைத் தோட்டக்காரர். அரசன் வேடத்துக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் செந்தமிழ் வசனம் என்றாலே அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். நான் ஒரு வரி சொல்ல வேண்டும். அதை அப்படியே அவர் சொல்வார். ஒரு வருடம் முன்வரிசைப் பிள்ளைகள் என் குரலைக் கேட்டு, அரசன் வாய் திறப்பதற்குள் வசனத்தைச் சொல்லிவிட்டார்கள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் டீக்கடைக்குப் போனாலும் அவருக்கு ‘எதிரொலி ராசா’ என்ற பேர்தான். “அடுத்த வருசமும் சிரிச்சாங்கன்னா நான் மேடைப் பக்கமே தல வெச்சுப் படுக்கமாட்டனுங்க” என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடத்து அரசி கமலவேணி. மற்ற நடிகைகள் கடைசி ஒத்திகைக்கு மட்டும் வருவார்கள். இவர் ஒரு மாதம் முன்னதாகவே வந்தார். வந்த அன்றே என்னிடம், “சார், அந்தப் புஸ்தகத்த மூடுங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் என்னைக் கவனிக்காமல் நல்லசாமியிடம் திரும்பினார்.

“ஏனுங்க, ராசா போர்ல தோத்துட்டு வந்து நிக்கறாரு. சனங்களுக்கு என்ன சொல்றாரு? உங்க பேச்சுல சொல்லுங்க.”

நல்லசாமி யோசித்தார். “பசங்க எல்லாம் போயிட்டாங்க. கூட்டிட்டுப் போன நான் மட்டும் வந்து நிக்கறேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறதுங்க?”

“இதேதானுங்க புஸ்தகத்துலயும் இருக்குது. செந்தமிழ் என்ன, வேற ஆரு ஊட்டுச் சொத்துங்களா?”

பிறகு அவரைத் தோட்டத்து வாய்க்காலின் ஒரு கரையில் நிறுத்திவிட்டு, தான் மறுகரையில் போய் நின்றுகொண்டார். “எனக்குச் சொல்லுங்க. ஒப்பிக்காதீங்க” என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். தண்ணீரைத் தாண்டி ஓர் ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்றதும் நல்லசாமி மடமடவென்று ஒப்பிப்பது நின்றது. ஒவ்வொரு வார்த்தையும் நிதானமாக வந்தது. மண்வெட்டியோடு போனவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

நாடகத்தன்று என்னைப் பந்தலில் சனங்களோடு உட்காரச் சொல்லிவிட்டார் கமலவேணி. கையில் கடலைப் பொட்டலம். தோற்ற அரசன் அவைக்கு வரும் காட்சி. நல்லசாமி வந்து நின்றார். பேசவில்லை. வசனம் மறந்துவிட்டது என்று முகமே சொல்லியது. பின்னால் யாரோ கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். முதல் வரி என் நாக்கு நுனி வரை வந்தது.

அந்தக் காட்சியில் அரசிக்கு வசனமே கிடையாது. கமலவேணி இரண்டடி முன்னால் வந்து, நல்லசாமியை நேராகப் பார்த்துக் கேட்டார்: “உம்மோடு புறப்பட்டுச் சென்ற எம் பிள்ளைகள் எங்கே, மன்னவா?”

பந்தல் அடங்கியது. நல்லசாமி அவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “பிள்ளைகள் களத்திலே கிடக்கின்றனர். அழைத்துச் சென்றவனோ உங்கள் முன் உயிரோடு நிற்கின்றேன். இதனினும் இழிவு ஒரு மன்னனுக்கு உண்டோ?” முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்த கமலவேணியிடம் போய், “நானே எடுத்துக்கொடுத்திருப்பேனே” என்றேன். சிரித்தார். “நீங்க குடுத்திருந்தா வசனத்தச் சொல்லியிருப்பாருங்க சார். நான் கேட்டதால பதில் சொன்னாரு.”

எண்பதுகள் முழுக்க எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அரசர்களை அவர் அப்படிப் பேசவைத்தார். நான் பந்தலில் உட்கார்ந்து கடலை தின்றேன்.

ராசிபுரத்தில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நல்லசாமி எனக்கு முன்பே வந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து, “அம்மிணி...” என்றார். அதற்குமேல் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “ஆழ்ந்த இரங்கல்னு சொல்லுங்க” என்று காதோரம் எடுத்துக்கொடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். வார்த்தைக்காக ஒருவர் தவிக்கும்போது நடுவில் புகாமல் காத்திருப்பது கமலவேணியிடமிருந்து எனக்கு வந்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பதும் அதுதான். எல்லோரும் காத்திருந்தோம்.

நல்லசாமி குனிந்து, கமலவேணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “என்னோட சத்தம் ஊருக்கே கேக்கற மாதிரி பண்ணிவெச்சீங்களே அம்மிணி. இப்ப நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுங்களா?”