‘மூடு’ என்ற பட்டன்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில், கடைகளுக்குக் கணக்குப் புரோகிராம் செய்து தரும் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. பிறவியிலேயே எனக்கு அந்தக் குணம் உண்டு என்பது வீட்டார் கட்சி. அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம். அமராவதிபுதூரில் வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு மட்டும் எரிச்சல். என்னைத் திருச்சிக்கு அனுப்பி பாங்க் பரீட்சைக்குப் படிக்க வைக்கத் துடித்தார். அதற்கான புத்தகம் எங்கள் வீட்டு மேசையில் எப்போதும் விரித்தபடியே கிடக்கும். சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பார்: “கம்பெனிய மூடிட்டாகளா?” மூடினால் மறுநாளே திருச்சி என்று எங்களுக்குள் பேச்சு.

கம்பெனி என்றால் முதலாளி, புரோகிராம் எழுதுகிறவர், நான். அவ்வளவுதான். திரையில் வரும் ஒவ்வொரு பட்டனையும் பெட்டியையும் தனித்தனியாகச் சோதிக்கக் குட்டிப் புரோகிராம்கள் எழுதி வைத்திருந்தேன். என் சட்டம் ஒன்றே ஒன்று: புரோகிராமுக்கு உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவதையும் கைக்கு எட்டுவதையும் மட்டும் தொடலாம். பெட்டியில் எழுது, பட்டனை அமுக்கு, என்ன வருகிறது பார். “உள்ள எவ்வளவு அழகா எழுதியிருக்கேன், ஒரு தடவ பாக்கக் கூடாதா?” என்று புரோகிராம் எழுதுகிறவர் கெஞ்சுவார். பார்க்க மாட்டேன். அவர் முகம் தொங்குவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்களுக்கு வாய்த்த ஒரே வாடிக்கையாளர் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருந்த ஓர் ஆச்சி. அவர் கடையில் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு வந்த முதல் வாரமே போன் வந்தது. முந்தின நாள் விற்ற சேலையெல்லாம் காலையில் திரையில் மறுபடியும் இருப்பில் நிற்கிறதாம்.

“வித்த சேல தானா நடந்து கடைக்குத் திரும்பி வருதாக்கும்? இந்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருங்க.”

பெட்டி திரும்பி வந்தால் கம்பெனி இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். புரோகிராம் எழுதுகிறவரும் என்னையே பார்த்தார். நாள் முழுக்க நடந்த விற்பனை, கடைசியில் ‘மூடு’ என்ற பட்டனை அமுக்கும்போதுதான் டிஸ்கில் பதியும். என் சோதனையை மறுபடி ஓட்டினேன். பட்டன் பாஸ். எல்லாமே பாஸ். அன்று சாயங்காலம் அப்பா கேட்பதற்குள் உள்ளே போய்விட்டேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடை முடியும் என்று தெரிந்து, போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். “எப்பவும் என்ன செய்வீகளோ அதையே செய்யுங்க ஆச்சி” என்றேன். ஆச்சி கல்லாப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். மானிட்டரையும் தொட்டுக் கும்பிட்டார். பிறகு சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். திரை கறுத்துப்போனது.

“ஆச்சி, மூடுங்கிற பட்டன அமுக்கலையா?”

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏத்தா, யாவாரம் நடக்குற எடத்துல அந்தச் சொல்லச் சொல்லலாமா? நல்லா இருக்குற கடைய என் கையாலேயே மூடுன்னு அமுக்கவா?”

“பெறகு என்னன்னு சொல்லுவீக?”

“கடைய எடுத்து வைக்கிறதுன்னு சொல்லுவோம்.”

எங்கள் வீட்டிலும் விளக்கை ‘அணை’ என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் தப்ப முடியாது. ‘அமர்த்து’ என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்த சங்கதிதான். ஆனால் திரையில் இருந்ததால் அது எனக்குச் சொல்லாகவே படவில்லை, வெறும் பட்டனாகத்தான் பட்டது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சோதிப்பேன் என்று பீற்றிக்கொண்டேனே, கண்ணுக்கு முதலில் தெரிவதே அந்த எழுத்துதான்.

திங்கட்கிழமை பட்டனின் பெயர் ‘எடுத்து வை’ என்று மாறியது. யோசித்தால், அந்தப் பட்டன் செய்கிற வேலையும் அதேதான். உடனே என் சோதனை படுத்துவிட்டது. அது ‘மூடு’ என்ற பெயரைத் தேடித்தான் பட்டனை அமுக்கும். “உங்க டெஸ்ட்டு பெயிலு” என்று புரோகிராம் எழுதுகிறவர் கையில் டீயோடு வந்து சொன்னார். டீயை வாங்கிக்கொண்டு சோதனையிலும் பெயரை மாற்றினேன். சாயங்காலத்துக்குள் புதுப் பட்டன் ஆச்சி கடைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஆச்சி போன் செய்தார். விற்ற சேலை எதுவும் திரும்பி வரவில்லையாம். பெட்டி அங்கேயே இருக்கட்டுமாம்.

அன்று சாயங்காலமும் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “கம்பெனிய மூடிட்டாகளா?”

“யாவாரம் நடக்குற எடத்தப் பத்தி அப்படிக் கேக்கக் கூடாதுப்பா.”

“பெறகு எப்படிக் கேக்குறதாம்?”

நான் உள்ளே போய், மேசையில் விரிந்து கிடந்த பாங்க் பரீட்சைப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

“எடுத்து வச்சாச்சான்னு கேளுங்க” என்றேன். “வச்சாச்சு.”