அப்பா நின்ற தேர்தல்

ஏப்ரல் மாதத்து ஈரமண்ணில் மரக்குச்சியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் ‘சொதக்’ என்று ஒரு சத்தம் வரும், கூடவே பனி உருகிய புல்லின் பச்சை வாசனையும். தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் பக்கம், அப்பாவின் பெயர் எழுதிய அட்டைகளை அப்படித்தான் வீடுவீடாக நட்டுக்கொண்டு போனோம். அவர் பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு நின்றார். நான் நான்காம் வகுப்பு. அவர் ஜெயிப்பதற்கு முன்பே பதவி எனக்கு வந்துவிட்டது. இந்தப் பள்ளிக்கே என் அப்பாதான் ‘பாஸ்’ ஆகப்போகிறார் என்று மிரட்டிச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நாள் நம்பினார்கள்.

அப்பா ஓசூருக்கு அப்பால், மாநில எல்லையை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். மூன்றிலும் சண்டை போடத் தெரியும். காலையில் சைக்கிள் மிதித்துக் கர்நாடகத்தில் மாட்டுத்தீவனம் வாங்கிக்கொண்டு பள்ளி மணி அடிப்பதற்குள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுவாராம். எல்லை என்பது அவருக்கு ஆடு ஏறி நிற்கும் ஒரு கல், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் மூன்று மொழியிலும் ஓட்டுக் கேட்டு வகுப்புத் தலைவர் ஆனார். அவருடைய அரசியல் வாழ்க்கையில் வெற்றி என்று சொல்ல அது ஒன்றுதான்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பெருகிப்போய், பின்பக்கம் நிறுத்திய, தகரப் பெட்டி போன்ற ‘டிரெய்லர்’களில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் டீச்சர் பேசுவது கேட்காது. எனக்கு அது வசதி, அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பள்ளிக் குழுவின் கூட்டத்துக்குப் போய்க் கேட்டதற்கு, நீங்களே நின்று பாருங்களேன் என்றார்கள். நிற்பதற்குக் குடியுரிமை வேண்டும். வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட் போய்விடும். பெரியப்பா ஊரிலிருந்து போனில், “சொந்த ஊருக்கு விசா வாங்கிட்டு வருவியாடா?” என்று கேட்டபோது, அப்பா அங்கே மழை உண்டா என்று விசாரித்தார். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: அவர் வேண்டுமானால் மாறட்டும், தனக்கு இங்கே தங்க ‘க்ரீன் கார்டு’ போதும். அப்பா மட்டும் மாறினார்.

பொங்கல் விழாவில் அப்பா மேடையேறிப் பேசினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அங்கிள்கள் நோட்டீஸ் அடித்தார்கள், ஆன்ட்டிகள் ஊரெல்லாம் போன் பண்ணினார்கள். நானோ மனத்துக்குள் அவரை ஆளுநர் வரைக்கும் உயர்த்தி வைத்திருந்தேன்.

தேர்தலன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். போன் வந்தது. அப்பா கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார். தோற்றுவிட்டார், ஒரே காரில் ஏற்றிவிடலாம், அத்தனை சொற்ப ஓட்டு வித்தியாசத்தில். அங்கிள்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்போதுதான் நான் ஒவ்வொருவரிடமும் போய், நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். எங்கள் தெரு மூர்த்தி அங்கிள் குனிந்து, “எங்களுக்கு ஓட்டு கிடையாதும்மா. நான் ஹெச்-ஒன் விசா, இவங்கெல்லாம் க்ரீன் கார்டு” என்றார்.

“அவங்க என்ன பண்ணுவாங்க, சிட்டிசன் ஆக எல்லாரும் வரிசைல நிக்கிறாங்க” என்றார் அப்பா.

விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கேசரித் தட்டோடு நின்ற அம்மாவிடம் திரும்பி, “யூ வோட்டட், ரைட்?” என்றேன். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா எழுந்து, தானே எல்லோருக்கும் கேசரி பரிமாறினார்.

அடுத்த சில மாதங்களில் அம்மா யாரிடமும் சொல்லாமல் குடியுரிமைக்கு ‘அப்ளை’ பண்ணினாள். அவள் கை உயர்த்தி உறுதிமொழி எடுத்து வந்தபோது, அப்பா இனி நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்ததோடு சரி.

இன்று அந்த டிரெய்லர்கள் இல்லை. செங்கல் கட்டடம் நிற்கிறது. புல்தரையில் நட்ட தேர்தல் அட்டைகளில் எங்கள் பெயரைப் போன்ற பெயர்கள் எத்தனையோ. நடுவதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அப்பாவும் இல்லை. ஓட்டுச்சீட்டு தபாலில் வருகிறது. அம்மா சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அச்சிட்ட பெயர்களையெல்லாம் தாண்டிப் போய், பள்ளிக் குழுவுக்கு நேரே வேறு பெயர் எழுத விட்டிருக்கும் காலி இடத்தில் அப்பாவின் பெயரை எழுதுகிறாள். ஒவ்வொரு தேர்தலிலும் அதே பெயர்தான். இதை எண்ண மாட்டார்களம்மா என்று இந்த முறை சொல்லிப் பார்த்தேன்.

“எண்ணலைன்னா போகட்டும்” என்று உறையை ஒட்டினாள். “நான் போடணும்.”