கேட்டுக்கு உள்ளே ஒரு மொட்டை, வெளியே ஒரு மொட்டை

1. முதல் நாள்

“கேட்டைத் திறந்தா நீதான் பொறுப்பு.”

நான் வேலைக்குச் சேர்ந்த காலையில் மேனேஜர் எனக்குக் கொடுத்த டிரெயினிங் இவ்வளவுதான். சாவியைக் கையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது எங்கள் பாசஞ்சர் விடுதி. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் டெக் டிக்கெட்டில், மேல்தளத்தில் பாய் விரித்துப் போகிறவர்கள் கப்பலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே வந்து தங்குவார்கள். அம்மை ஊசி, டாக்டர் முத்திரை, பெட்டிச் சோதனை எல்லாம் முடிய வேண்டுமே. கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். படியேறியதும் ஒரு கம்பி கேட். அந்தக் கேட்டுக்குத்தான் நான் மேட்ரன். மேட்ரன் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சாவியும் ஒரு ஸ்டூலும், கேட்டை ஒட்டி ஒரு அறையும். அவ்வளவுதான்.

கேட்டுக்கு ஒரு ரூல் இருந்தது. உள்ளே இருக்கும் பெண்ணைக் கூட்டிப்போக எவன் வந்தாலும், அவள் கம்பி வழியாக அவன் முகத்தைப் பார்த்து, “இவர் என் ஆள்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடிதம், போட்டோ, பாஸ்போர்ட் எதைக் காட்டினாலும் செல்லாது. மண்ணடியில் அந்தக் காலத்தில் காசு கொடுத்தால் எந்தக் காகிதமும் கிடைக்கும். எனக்கு முன்னால் இருந்த அம்மாள், கல்யாணப் போட்டோவோடு வந்தவனை நம்பி ஒரு பெண்ணை அனுப்பிவிட்டாள். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னானாம். அந்தப் பெண் கப்பலிலும் ஏறவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. அந்த அம்மாளுக்கு வேலை போய்த்தான் எனக்கு வேலை வந்தது.

நான் நகரிப் பக்கத்துக்காரி. இருபத்திரண்டு வயதில் தாலி அறுத்தவள். புருஷன் வீட்டில் சோறு போட மனசில்லை, பிறந்த வீட்டில் படுக்க இடமில்லை. தமிழும் தெலுங்கும் பேசுவாள் என்று யாரோ சிபாரிசு செய்ததில் இங்கே வந்து விழுந்தேன். தங்க வருகிற பெண்கள் மூன்று நாளில் தங்கள் கதையெல்லாம் என்னிடம் சொல்லி அழுவார்கள். கப்பல் வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். போகிற அவசரம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் போனபின் அந்த மாடியில் நான் ஒருத்திதான் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. கடைசிவரைக்கும் பழகவும் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், திருப்பதியில் என் பக்கத்து வீட்டுப் பெண். ஸ்ரீ சிட்டியில் ஏதோ கம்பெனியில் வேலை. சும்மா சுற்றிப் பார்க்கவே சென்னையிலிருந்து கப்பலில் போகிறாளாம். கப்பலுக்கு முந்தின நாள் எங்கே தங்கினால் சேஃப் என்று என்னைக் கேட்டாள். கூகுளைக் கேள் என்றேன். கூகுளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது அவள் போனபிறகுதான் உறைத்தது.

2. எல்லம்மா

அப்போது எங்கள் பக்கம் பூராவும் ஒரே பேச்சு. ஆந்திரா தனி ஸ்டேட் ஆனபோது சித்தூர் ஜில்லா முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. பிறகு எல்லையைத் திருத்துகிறோம் என்று சில ஊர்களை இந்தப் பக்கம் தள்ளினார்கள், சில ஊர்களை அந்தப் பக்கம் தள்ளினார்கள். எந்த ஊர் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்கே நிச்சயமில்லை.

அப்படிப்பட்ட ஒரு எல்லை ஊரிலிருந்து அண்ணனோடு வந்தாள் எல்லம்மா. இருபத்தைந்து வயது இருக்கும். மொட்டைத் தலை, அதன்மேல் சந்தனம். நிலபுலன் இல்லாத கூலிக்காரக் குடும்பம். கல்யாணமாகி ஒரு மாதத்திலேயே புருஷன் முனுசாமி பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டான். எட்டு வருஷம் கழித்து அவளைக் கூட்டிப்போக வருகிறான். வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டும், ஊருக்கு வர நேரமில்லை, விடுதியில் கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவனுக்கு ஊரில் அப்பா அம்மா யாரும் மிச்சமில்லை.

“எப்போ மொட்டை போட்டே?” என்றேன்.

“நேத்துதாம்மா, திருப்பதியில. அவரு கூப்ட்டா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தேன்.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கடல் தாண்டப் போகிறவர்களும் சரி, தாண்டி வந்தவர்களும் சரி, முதல் வேலையாக மலையேறி முடி கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். என் மாடியில் எப்போதும் நாலு மொட்டை இருக்கும்.

அண்ணன்காரன் வாசலிலேயே கிளம்ப நின்றான். “வேர்க்கல்லை புடுங்கற நேரம்மா. நான் போய்க்கினே இருக்கேன்.”

“அவர் வர்ற வரைக்கும் இருந்து, ஆளைக் காட்டிட்டுப் போய்யா.”

“மாமன் நாளைக்கி வந்துடுவாரு. அதான் நீங்க கீறீங்களே.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூட்டையை இறக்கி வைப்பது போலத் தங்கச்சியை இறக்கி வைத்துவிட்டுப் போகிறான். அவளோ கேட்டை ஒட்டி உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருப்பாரு உன் புருஷன்?”

“மீசை பெருசும்மா. முறுக்கி வச்சினு இருப்பாரு. தலையில கொத்தா முடி.”

எட்டு வருஷத்தில் அவளிடம் மிச்சமிருந்தது அந்த மீசையும் முடியும்தான்.

3. வந்தவன்

மறுநாள் காலையில் படியேறி வந்தவனுக்கு மீசையும் இல்லை, முடியும் இல்லை. பளபளவென்று மொட்டை, அதில் சந்தனம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எல்லம்மா, வந்து பாரு” என்று கூப்பிட்டேன்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவனும் பார்த்தான். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

“இவதாம்மா” என்றான் அவன்.

“நீ சொல்லும்மா. இவர்தானா?”

அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தெரியலம்மா” என்றாள்.

“ஏய்யா, மொட்டை போட்டே சரி. மீசையை எதுக்கு எடுத்தே?”

“சாமிக்குக் குடுக்கறதுல மிச்சம் வெப்பாங்களாம்மா? கப்பல் எறங்குன காலோட மலைக்குப் போனேன். முந்தாநாளு போட்டேன்.”

முந்தாநாள். இரண்டு பேரும் ஒரே நாளில் மலையில் இருந்திருக்கிறார்கள். ஒரே கியூவில்கூட நின்றிருக்கலாம்.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். மாமியார் பெயர் சொன்னான். ஊர்க் கோயில் எது என்று சொன்னான். கல்யாணப் புடவை என்ன நிறம் என்றால் விழித்தான். கல்யாணத்தன்று மழை பெய்ததா என்று எல்லம்மா உள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, “ஞாபகம் இல்லியே” என்றான். பாதிக்குத்தான் பதில் வந்தது. இவன் ஆள் இல்லை என்று என் மனசு சொல்லிற்று.

“நாளைக்கிக் காலையில கப்பலும்மா. உட்டா லீவு முடிஞ்சிடும், வேலை பூடும். அவளுக்கு வாங்குன பர்மிட்டும் பூடும். மறுபடி எந்தக் காலத்துல வாங்கறது?” என்று கெஞ்சினான்.

தெலுங்குக்கார மேனேஜரிடம் போனேன். அவருக்குத் தலைவலி. “ஏமம்மா இது, புருஷன் பெண்டாட்டி விவகாரம். அனுப்பிடேன்.”

“ரூல் நீங்க வச்சது சார்.”

“அவுனு, நேனே பெட்டானு, நான்தான் வச்சேன். அப்போ அனுப்பாதே.”

“கப்பல் போயிடுமே சார்.”

“சாவி யார் கையில இருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்குத் தந்தி கொடுக்க ஓடினேன். எந்தத் தாலுகா என்று கேட்டார்கள். நேற்றுவரை ஒன்று, இன்று வேறு. எந்த ஸ்டேட் என்றார்கள். இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். எங்கே போய்ச் சுற்றிற்றோ, பதில் வரவில்லை.

4. நடுவில் நான்

கேட்டுக்கு வெளியே அவனுக்கு ஒரு நாற்காலி போட்டேன். உள்ளே அவள். நடுவில் ஸ்டூலில் நான், அவரைக்காய் நறுக்கிக்கொண்டு. பேசட்டும், பேசினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பேச்சே வரவில்லை. ரப்பர் மரத்தைக் கீறுவது எப்படி என்று அவன் கொஞ்சம் சொன்னான். அங்கே தினம் மழை என்றான். மத்தியானம், “துன்னியா?” என்று கேட்டான். “ம்” என்றாள்.

பிறகு தகரப் பெட்டியைத் திறந்து அவளுக்கு வாங்கி வந்ததை எடுத்தான். ஒரு சீப்பு, இரண்டு முழம் சிவப்பு ரிப்பன், கொண்டை ஊசி ஒரு அட்டை. எடுத்தபிறகுதான் அவள் தலையைப் பார்த்தான். சட்டென்று பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

திறந்துவிட்டு, இவன் வேறு ஆளாக இருந்தால்? முன்னால் போன பெண்ணுக்கு நடந்ததுதான் இவளுக்கும். திறக்காமல் விட்டு, இவன் அந்த ஆளாகவே இருந்தால்? எட்டு வருஷம் காத்திருந்தவளின் வாழ்க்கையை நான் பூட்டியே வைத்ததாகும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் எனக்கு யார் இருந்தார்கள்?

விளக்கு வைத்ததும் அவனைக் கீழே ஆண்கள் பகுதிக்கு அனுப்பினேன். எல்லம்மா என் அறையில் வந்து உட்கார்ந்தாள்.

“இஷ்டமில்லைன்னா ஊருக்குத் திரும்பிப் போறியா? நானே ரயிலேத்தி விடறேன்.”

“அங்க யாரும்மா கீறாங்க? நான் படுக்கற எடத்துல அண்ணி நான் கெளம்பறதுக்கு முன்னாடியே ஆட்டைக் கட்டிட்டாங்க.”

என் கதையை அவள் சொல்வது போல இருந்தது.

5. காலை

விடிந்ததும் குளித்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவன் ஏற்கெனவே வெளியே நின்றிருந்தான்.

“கேட்டைத் தொறங்கம்மா. அவருதான்.”

“முகம் ஞாபகம் வந்துட்டதா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எப்படிச் சொல்றே?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவருக்கும் என்னைத் தெரியலம்மா. நேத்து பாத்தாரே, அப்பவே எனக்குப் புரிஞ்சிச்சி, திருதிருன்னு முழிச்சாரு. ஆனா ‘இவதான்’னு சொல்லிட்டாரு. நீங்க அவரை அத்தினி கேள்வி கேட்டீங்க. அவரு என்னை ஒண்ணுகூடக் கேக்கல. கேட்டிருந்தா எனக்கும் பாதி தெரியாது.”

மனசு இளகத்தான் செய்தது. ஆனால் மோசக்காரனும் பார்த்தவுடனே ‘இவதான்’ என்றுதானே சொல்வான்? கேட்டண்டை போய் அவனை நேராகப் பார்த்துக் கேட்டேன்.

“பொய் சொல்லாதே. நேத்து இவளைப் பார்த்தவுடனே உனக்கு அடையாளம் தெரிஞ்சுதா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “தெரியலம்மா.”

“தெரியாம எப்படிய்யா இவதான்னு சொன்னே?”

“எல்லம்மான்னு கூப்ட்டீங்க, வந்து நின்னுச்சி. என்னையே பாத்துச்சி. நானும் தெரியலன்னு சொல்லிட்டா, அப்புறம் அதுக்கு யாரும்மா கீறாங்க?”

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவள் அவனுக்கு இரண்டு அடி பின்னாலேயே படியிறங்கினாள். தெருவில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்தபோது அவன் நின்று, அவள் முன்னால் போகட்டும் என்று கை காட்டினான். ஜன்னலிலிருந்து அதுவரைதான் எனக்குத் தெரிந்தது.

6. பிறகு

அண்ணன் இரண்டு நாள் கழித்துத் தந்தியும் கையுமாக ஓடி வந்தான். ஆள் எப்படி இருந்தான் என்று சொன்னேன். தலையைச் சொறிந்தான். “மொட்டையா, மீசை இல்லாம பாத்தா எனக்கே தெரியாதும்மா” என்றான். நாலு திட்டு திட்டி அனுப்பினேன்.

அடுத்த இரண்டு வருஷம் எனக்கு நிம்மதி இல்லை. பினாங்குக் கப்பல் வந்தால் இறங்குகிறவர்களிடமெல்லாம் அவர்களைப் பற்றி விசாரிப்பேன். பிறகு அதே தோட்டத்திலிருந்து புத்தூர்க்காரர் ஒருவர் வந்து தங்கினார். முனுசாமியும் எல்லம்மாவும் நல்லா கீறாங்க, ஒரு பொம்பளப் புள்ள, மீசை பழையபடி முறுக்கினு கீறாரு என்றார். அன்றைக்கு அவர் சாப்பாட்டுக்கு நான் என் பங்கு அப்பளத்தையும் வைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது சொல்கிறேன். ஒரு நாள் முன்னாடியே போய்விடு. துறைமுகத்துக்குக் கிட்டே, வாசலில் பொறுப்பான ஆள் இருக்கிற இடமாகப் பார். கூட்டிப்போக வந்தேன் என்று எவன் வந்தாலும், நீ முகம் பார்த்துச் சொன்னால் ஒழிய அனுப்பக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வை. எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் வைத்திருப்பவனிடம் ஜாக்கிரதையாக இரு. ஏமாற்ற வருகிறவன் படித்துக்கொண்டு வருவான். சொந்த மனுஷன் பாதியை மறந்துவிட்டுத்தான் வருவான். அந்தக் கேட்டில் நான் கற்றது அது.

இன்னொன்றும் உண்டு. அது அவளுக்குத் தேவையில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தியையும் கேட்டு யாரோ ஒருவர் படியேறி வந்தார்கள். என்னைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. எவனாவது வந்து, என்னை அடையாளமே தெரியாமல், “இவதான்” என்று சொல்லியிருந்தால் நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். கேட்டைத் திறந்துகொண்டு போயிருப்பேன்.